நிஜ ரம்பம்

எல்லா ஆபீஸிலும் ஒரு ரம்பம் உண்டு. லஞ்ச் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திருப்பதி க்யூவில் பதினாலு மணி நேரம் நின்ற கதையைப் பதினாலு மணி நேரம் சொல்பவர். இந்த வாரம் அவரைப் பற்றி எழுதப் போவதில்லை. பல்லும் கைப்பிடியும் உள்ள, மரம் அறுக்கிற நிஜ ரம்பத்தைப் பற்றி. (படித்து முடித்ததும் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு எழுதாதீர்கள்.)

நான் பி.காம். வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டிய சொத்து என்ற அளவில்தான் ரம்பம் எனக்குப் பரிச்சயம். அதாவது, 2016 டிசம்பர் 12 திங்கட்கிழமை வரை.

அன்றைக்குத்தான் வர்தா புயல் சென்னையில் கரையேறியது. மத்தியானம் முழுக்க அடித்துவிட்டு, நடுவில் கொஞ்ச நேரம் காற்று அடங்கியது. "அவ்வளவுதான், போயிருச்சு" என்று மொட்டை மாடிக்குப் போய் வேடிக்கை பார்த்தோம். அது போகவில்லையாம். புயலின் கண் எங்கள் தலைக்கு மேலே இருந்ததாம். இறங்கி வருவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தது. முதல் பாதியில் ஒரு பக்கமாக ஆடித் தளர்ந்திருந்த மரங்களெல்லாம் இரண்டாம் பாதியில் மறுபக்கம் விழுந்தன. எங்கள் ஃப்ளாட் வாசலில் நின்ற மரம் நேராக கேட்டின் மேல்.

தெருவுக்கே மஞ்சள் பூ உதிர்த்த மரம். எல்லோரும் கொன்றை, கொன்றை என்போம். அதன் சரியான பெயர் இயல்வாகை என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது. சொன்னவர் தரைத்தளத்தில் குடியிருந்த ரிட்டயர்டு தமிழாசிரியர். எட்டு வீடும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடும்.

பிரச்னையே ஐயாதான். செவ்வாய், வியாழன், சனி அவருக்கு டயாலிசிஸ். மறுநாள் செவ்வாய். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வாக்கர் இல்லாமல் நடக்க மாட்டார். கேட் மடங்கிக் கிடக்கிறது, அதற்கு மேல் நெஞ்சு உயரத்துக்குக் கிளைகள். தூக்கிக்கொண்டு தாண்டவும் வழியில்லை. செல்போனில் ஒரு புள்ளிகூட சிக்னல் இல்லை. ஐயாவின் மனைவி மட்டும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் மெஷின் ரம்பத்தோடு ஒருவர் தெருவில் வந்தார். கடவுளே வந்த மாதிரி இருந்தது. கடவுள் ஐயாயிரம் கேட்டார், ரொக்கமாக. பணமதிப்பு நீக்கம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்த சமயம் அது. எட்டு வீட்டையும் சலித்துப் பார்த்ததில் தேறியது ஒரே ஒரு 2000 ரூபாய் நோட்டும், சில்லறையாக 640 ரூபாயும். "ஏ.டி.எம். போய்ட்டு வாங்களேன் சார்" என்றார். கரன்ட்டே இல்லாத ஊரில்! அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அவருக்கு டிமாண்ட், சப்ளை இரண்டும் தெரிந்திருந்தது. படித்த எனக்குத்தான் மறந்துவிட்டது.

"நம்மகிட்டதான் ரம்பம் இருக்கேங்க" என்றாள் மனைவி. கல்யாணமாகி எட்டு மாசம். இன்னும் என்மேல் நம்பிக்கை இருந்த காலம்.

இருந்தது ஒரு ஹாக்ஸா. கர்ட்டன் ராடு அறுக்க வாங்கியது. தொடை கனமுள்ள கிளையில் வைத்துப் பத்து நிமிஷம் இழுத்தேன். வேர்த்தது எனக்கு, கிளைக்கு ஒரு கீறல். ஹாக்ஸா இரும்புக்குப் பிறந்தது. அங்குலத்துக்கு 18, 24, 32 என்று பொடிப் பொடியாகப் பல் இருக்கும். பச்சை மரத்தின் ஈரத்தூள் அந்தப் பல்லிடுக்கில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். அப்புறம் பல் மரத்தைத் தொடுவதே இல்லை, தூள்தான் தூளைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அது போதாதென்று மேலே சட்டம் வேறு. நாலு அங்குலம் இறங்கினால் சட்டம் கிளையில் முட்டி நின்றுவிடும்.

அடுத்து, பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி தன் கைவாளைக் கொண்டுவந்தார். அது நன்றாகவே அறுத்தது, பாதி வரைக்கும். பிறகு கிளை அதைக் கவ்விக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. ஆசாரி என்னைப் பார்த்த பார்வையில், கவ்வச் சொன்னதே நான்தான் என்பது போல இருந்தது.

அப்போதுதான் வாட்ச்மேன் வந்தார். ஜவ்வாது மலைக்காரர். அதுவரை அவரை யாருமே கேட்கவில்லை. கேட்டைத் திறக்கவும் மோட்டார் போடவும் மட்டும்தான் அவரைத் தெரியும் எங்களுக்கு.

முதல் வேலையாக டார்ச்சைப் பிடித்துக் கிளைகளுக்குள் கம்பி கிடக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "கரன்ட்டுதான் இல்லையே" என்றேன். "எவன் வூட்டு ஜெனரேட்டரு எந்தக் கம்பிக்கு உசுரு குடுக்குதோ, யாரு கண்டா சார்" என்றார். கம்பி இல்லை. அப்புறம் குனிந்து, கிளையின் கீழ்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"மரம் எந்தப் பக்கம் நசுங்கி நிக்குது, எந்தப் பக்கம் இழுத்துக்கினு நிக்குதுன்னு பாக்கணும் சார். நசுங்கின பக்கமே அறுத்துக்கினு போனா கவ்வத்தான் செய்யும்."

அந்தக் கிளையின் ஒரு முனை மதில் சுவரிலும், மறுமுனை செகண்ட் ஃப்ளோர்காரரின் கார் கூரையிலும் இருந்தது. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நடுவில் தொய்ந்தால் மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திவிட்டு, மீதியைக் கீழேயிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் பிடித்து மறுமுனை அந்தரத்தில் தொங்கும் கிளைக்கு இது நேர் தலைகீழ். முதலில் அடியில் கொஞ்சம், அப்புறம் மேலேயிருந்து. இல்லாவிட்டால் பாதி அறுத்ததும் கிளை தன் கனத்தில் பட்டையோடு கிழித்துக்கொண்டு நம் காலில் இறங்கும். இவ்வளவையும் அவர் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். எனக்கு ஒரு பாரா ஆகிறது.

ஒரு மரச்சிம்பை ஆப்பு மாதிரி சீவி, மாட்டிக்கொண்ட இடத்தில் செருகித் தட்டினார். கோடு விரிந்தது, ஆசாரியின் வாள் வெளியே வந்தது, ஆசாரியின் முகமும் பழைய நிலைக்கு வந்தது. பிறகு தன் அறைக்குப் போய் ஒரு வளைந்த ரம்பம் கொண்டுவந்தார். கிளை கழிக்கிற ரம்பம். பெரிய பெரிய பல். இழுக்கும்போது அறுக்கும். எமர்ஜென்சி லாம்பை நான் பிடிக்க, ஆசாரியும் அவரும் மாற்றி மாற்றி இழுத்தார்கள். நடுநடுவே என்னிடமும் கொடுத்தார்கள். கொப்புளம் வந்ததும் வாங்கிக்கொண்டார்கள்.

இதில் ஒன்று கவனித்தேன். வாட்ச்மேன் அடிமரத்தைத் தொடவே இல்லை. நான் மனசுக்குள் முழு மரத்தையும் அறுத்துத் தள்ளுவதாகக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். அவர் வாக்கரைக் கொண்டுவந்து அகலம் வைத்துப் பார்த்தார். எந்த நாலு கிளை போனால் வாக்கர் போகுமோ, அந்த நாலு மட்டும். வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொரு வம்பும் உண்டு. அடிமரத்தை அறுத்ததும், மேல் பாரம் போய்விட்டதால் வேர்க்கட்டை சட்டென்று எழுந்து பழைய குழியிலேயே உட்காரும். வேடிக்கை பார்க்கிற குழந்தை அந்தக் குழியில் நின்றால் தீர்ந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு வழி கிடைத்தது. காலையில் தெருமுனை வரை வாக்கரில் கொண்டுபோய், அங்கிருந்து ஆட்டோ. ஏழு மணி எட்டரை ஆனது, அவ்வளவுதான். திரும்பி வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஐயா, என் கைக்கட்டைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உங்க எழுத்துதான் அறுவைன்னு நினைச்சிருந்தேன்."

*

அந்த மாசக் கடைசியில் பாரிமுனைக்குப் போனேன், எனக்கென்று ரம்பம் வாங்க. கடைக்காரர் ஒரு டஜனை மேஜையில் பரப்பிவிட்டு, "எதுக்கு சார்?" என்றார். "புயலுக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முதலில் கண்ணில் பட்டது பாக்கெட்டில் சுருட்டி வைக்கும் கம்பி ரம்பம். இரண்டு பக்கமும் வளையம், நடுவில் முறுக்கிய கம்பி. கைக்கு அடக்கம், விலை சகாயம். இதன் பூர்வீகம் தெரிந்தால் வாங்க மனசு வராது. லியொனார்டோ ஜிக்லி என்ற இத்தாலிய டாக்டர் 1890-களில் பிரசவ ஆபரேஷனில் இடுப்பெலும்பை அறுப்பதற்காகக் கொண்டுவந்த கம்பி ரம்பத்தின் வம்சம். அதற்கும் நூறு வருஷம் முன்னால், ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்று இரண்டு டாக்டர்கள் கையால் இழுக்கும் சங்கிலி ரம்பத்தை எலும்புக்காகத்தான் செய்தார்கள். பல் வைத்த சங்கிலியால் அறுக்கிற யோசனை முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்து, பிறகுதான் காட்டுக்குப் போனது. என் மனைவி அப்போது மூன்று மாதம். இதை வீட்டில் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

அந்தக் கம்பியை ஒரு தடவை கடன் வாங்கி முயன்றிருக்கிறேன். விரல் கனத்தைத் தாண்டினால் மரத்தைவிட நம் விரல்தான் முதலில் அறுபடும். பாக்கெட் சங்கிலி ரம்பம் எவ்வளவோ தேவலை. ஆனால் இரண்டு கையும் இரண்டு பக்கம் இழுக்கத் தோதான இடம் வேண்டும். தரையில் படிந்து கிடக்கும் கிளைக்குள் அதைச் சுற்றி விடுவதற்கே பாதி நாள் போய்விடும்.

நான் வாங்கியது இரண்டு. ஒன்று, பேனாக்கத்தி மாதிரி மடங்கும் ரம்பம். ஏழு அங்குல அலகு. மடக்கு ரம்பம் வாங்கப் போனால் கைப்பிடியின் நிறத்தைப் பார்க்காதீர்கள், பூட்டைப் பாருங்கள். திறந்து பூட்டிவிட்டு, அலகின் முதுகை மேஜையில் அழுத்துங்கள். துளி ஆடினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதி வேலையில் அது மடங்கினால் உள்ளே இருப்பது உங்கள் விரல்கள். அப்புறம் பல். ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம் என்று லேசாகச் சாய்ந்திருக்கும். அதனால்தான் அறுத்த கோடு அலகைவிட அகலமாக விழுந்து, ரம்பம் சிக்காமல் ஓடுகிறது. சாயாத பல்லும் உண்டு. அதில் அலகின் முதுகைப் பல்லைவிட மெலிசாக இழைத்திருப்பார்கள். பல் நுனி நீலம் பாய்ந்திருந்தால் சூடேற்றிக் கடினமாக்கியது. ரொம்ப நாள் கூர் நிற்கும், மழுங்கினால் அரம் போட்டுத் தீட்ட முடியாது, அலகையே மாற்ற வேண்டும். மாற்று அலகு கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுக்கொள்வது உத்தமம்.

அளவுக்கு என் கணக்கு இது: மரத்தின் கனத்தைப்போல இரண்டு மடங்காவது அலகு நீளம் வேண்டும். ஏழு அங்குலத்துக்கு மூன்றரை அங்குலக் கிளை. அதற்கு மேல் போனால் தூள் வெளியே வராமல் உள்ளேயே சுற்றும், நீங்களும் சுற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது, வில் ரம்பம். 21 அங்குலம். சட்டத்தைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். பச்சை மரத்துக்கு ஒரு அலகு, காய்ந்த மரத்துக்கு ஒரு அலகு. பச்சைக்கானதில் சில பல்லுக்கு ஒரு தடவை இடைவெளி விட்டு, தூளை வழித்துத் தள்ள என்றே ஒரு தனிப் பல் இருக்கும். விழுந்த மரம் பச்சை மரம். எனவே அதுதான் முதலில்.

பில்லைப் பார்த்த மனைவி, "இதுக்கு ஒரு மிக்ஸி வாங்கியிருக்கலாம்" என்றாள். இரண்டு வருஷம் பரணில் தூங்கியது ரம்பம்.

*

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மனைவியின் பெரியப்பா இருக்கிறார். தென்னந்தோப்பு. மூன்று நாள் போன் இல்லை. நாலாம் நாள் யாரோ ஒருவர் போனிலிருந்து அரை நிமிஷம் பேசினார்: "உசுரோட இருக்கோம். தோப்பு இல்ல. தண்ணிக்குத்தான் கஷ்டம்."

அன்றைக்கே கிளம்பினேன். பரணிலிருந்து ரம்பத்தை இறக்கி, நியூஸ் பேப்பரில் சுற்றி, முதுகுப் பையில் போட்டு, ஸ்கூட்டரில் கோயம்பேடு போகலாம் என்று தெருமுனை வரை போயிருப்பேன். பின்னால் குளுகுளுவென்று காற்று. பேப்பரையும் பையையும் கடித்துத் தாண்டி, ரம்பம் என் பேன்ட்டில் ஆறு அங்குலத்துக்கு ஜன்னல் வைத்திருந்தது. நல்லவேளை, அதற்கு உள்ளே போகவில்லை.

வீடு திரும்பியதும் மனைவிதான் வழி சொன்னாள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயில் ஒரு முழம் வெட்டி, நீளவாக்கில் கீறி, பல்வரிசை மேல் மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே நாலு இடத்தில் சணல் கட்டு. வில் ரம்பத்தின் மாற்று அலகுகளை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து டேப். மடக்கு ரம்பம் தானாகத் திறக்காமல் இருக்க ரப்பர் பேண்ட் இரண்டு சுற்று. பையில் முதுகை ஒட்டி முதலில் போர்வை, அப்புறம் ரம்பம், பல் வெளிப்பக்கம் பார்த்து. கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு. பச்சைக் கைப்பிடியை இலைக்குவியலில் ஒரு தடவை கீழே வைத்துவிட்டால், பிறகு அதைக் கால்தான் கண்டுபிடிக்கும். கூடவே தடிமனான கையுறை, கண்ணாடி, தையல் மெஷின் எண்ணெய், நாலு மர ஆப்பு. (விமானத்தில் போகிறவர்கள் ரம்பத்தைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.)

தஞ்சாவூரிலிருந்து போன பஸ்ஸில் கண்டக்டர் பையைக் காலால் நகர்த்தப் போனார். "ரம்பம் இருக்கு" என்றேன். காலை எடுத்துக்கொண்டு, "எந்த ஊருக்குங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அங்க ரம்பம் பத்தாதுங்க" என்றார். அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது புரிந்தது. கண்ணுக்கு எட்டிய வரை தென்னைகள் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துப் படுத்திருந்தன.

மாமா வாசலிலேயே நின்றார். "வாங்க மாப்ள." பையிலிருந்து மடக்கு ரம்பத்தை எடுத்துப் பிரித்தேன். அதைப் பார்த்தார். தோப்பைப் பார்த்தார். திரும்ப அதைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நாலு நாளில் இப்போதுதான் சிரிக்கிறார் என்றார் அத்தை.

எனக்கு ரோஷம். வில் ரம்பத்தைப் பூட்டி ஒரு தென்னையில் வைத்தேன். தென்னை மற்ற மரம் மாதிரி இல்லை. கிளை கிடையாது, வருஷ வளையம் கிடையாது. வெளிச்சுற்றில் நாரெல்லாம் கம்பி மாதிரி இறுகிக் கிடக்கும், நடுவில் மெதுவாக இருக்கும். அந்த வெளிச்சுற்றைத் தாண்டுவதற்குள் ஒரு அலகின் கூர் போயே போய்விட்டது. "விடுங்க மாப்ள. அதுக்கு மெஷின்தான். முறை வரும்போது வருவாங்க" என்றார். மெஷின்காரர்கள் அப்போது ரோட்டைத் திறப்பதில் இருந்தார்கள்.

கொல்லையில்தான் என் ரம்பத்துக்கு வேலை இருந்தது. மின்சாரம் இல்லை, ஆகவே மோட்டார் இல்லை. இருந்த ஒரே வழி கிணற்றடிக்குப் பக்கத்தில் உள்ள அடிபம்பு. அதன் மேல் பலாமரம். அத்தையும் பக்கத்து நாலு வீட்டுக்காரர்களும் அரை கிலோமீட்டர் நடந்து குடம் சுமந்துகொண்டிருந்தார்கள். வாக்கர் ஞாபகம் வந்தது. பம்பின் கைப்பிடி மேலும் கீழும் போய்வர எவ்வளவு இடம் வேண்டும், குடம் வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கையை வீசிப் பார்த்தேன். பெரியது மூன்று, சின்னது ஏழெட்டு.

வளைந்து மண்ணில் மாட்டிக்கொண்டிருந்த சிறு கிளைகளை நேராக நின்று அறுக்கவில்லை. அவை வில். அறுபட்டதும் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் நின்று மெதுவாக. பெரியதற்கு அடியைத் தடவிப் பார்த்து, நசுங்கின பக்கம் கொஞ்சம், இழுபட்ட பக்கம் மீதி. மாமா ஆப்பு செருகினார். பலாப்பால் ரம்பத்தில் பிசுபிசுவென்று ஒட்டி இழுக்கவே விடவில்லை. அத்தை ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து வைத்தார். பலாச்சுளை உரிக்கக் கையில் தடவுவது போல அலகுக்கும் தடவிக்கொண்டு இழுத்தோம். நடுவே மாமா அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "இதையும் இனிமே கடையிலதான் வாங்கணும்" என்றார். புதுக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு.

மூன்றரை மணிக்குப் பம்பை அடித்தார் அத்தை. முதலில் வெறும் காற்று. அப்புறம் செம்மண் கலங்கல். அப்புறம் தண்ணீர்.

நாலு நாள் இருந்தேன். பக்கத்து வீடுகளில் மாட்டுக்கொட்டகை மேல் கிடந்த முருங்கை, பாதையை மறித்த மாங்கிளை என்று ரம்பம் கை மாறிக்கொண்டே இருந்தது. கிளம்பும் அன்று காலை அதைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது மாமா வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் ஊரில் உள்ளவர்களிடம் எதையும் கேட்டு வாங்குகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

இரண்டையும் வைத்துவிட்டு வந்தேன். வில் ரம்பத்தின் நல்ல அலகையும் சேர்த்து.

சென்னையில் பையைக் கவிழ்த்த மனைவி, "ரம்பம் எங்கங்க?" என்றாள். சொன்னேன். கீறிய பச்சைக் குழாய்த் துண்டு மட்டும் பைக்குள் தங்கிவிட்டிருந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லாம அவங்க எப்படி எடுத்து வெப்பாங்க?" என்றவள், அன்றைக்கே அதை ஒரு கவரில் போட்டு பட்டுக்கோட்டைக்கு கூரியர் பண்ணினாள்.